ஷாக் பழையது, ஸ்பிரிங் புதியது: 25 மில்லிமீட்டரில் நின்ற கணக்கு

என் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையும். இந்த வேலைக்குத் தொடக்கம் கண்ணை உறுத்திய அந்த இடைவெளிதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. வளைவுகளில் உடல் சாய்வது குறைய வேண்டும் என்ற நியாயமான காரணம் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இல்லை, தண்டுகளில் கீறல் இல்லை. ஆகவே அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை மட்டும் போடுவது என்று முடிவு செய்தேன்.

என் வண்டிக்குப் பொருந்துவதாக மூன்று தொகுப்புகள் இருந்தன. ஒன்று 25 மி.மீ. தாழ்த்தும் லீனியர் வகை (எவ்வளவு அமுங்கினாலும் விறைப்பு மாறாதது). அடுத்தது 30 மி.மீ. தாழ்த்தும் புரோகிரசிவ் வகை (அமுங்க அமுங்க விறைப்பு ஏறுவது). மூன்றாவது 40 மி.மீ. தாழ்த்துவது. படங்களைப் பார்த்து மனம் சென்றது 40-இன் பக்கம்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் ஷாக்கின் தூசி உறையை மேலே ஒதுக்கிவிட்டு, ஷாக் உருளையின் தலைக்கும் பம்ப் ஸ்டாப்பின் (ஷாக் அமுங்கும் எல்லையில் அடியைத் தாங்கும் மிருதுவான தடுப்பின்) நுனிக்கும் இடையே எவ்வளவு தண்டு தெரிகிறது என்று அளந்தேன். 28 மி.மீ. இருந்தது. பின்னர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கீழ் கண்ட்ரோல் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கையை, ஜாக்கியால் மெதுவாகத் தூக்கினேன். சக்கர மையம் 20 மி.மீ. உயர்ந்தபோது தண்டு 14 மி.மீ. உள்ளே சென்றது. அதாவது சக்கரத்தின் நகர்வில் பத்தில் ஏழு பங்குதான் ஷாக்கை எட்டுகிறது. இந்த இரண்டு அளவுகளும் கிடைத்த பிறகு 40-இன் கதை முடிந்துவிட்டது: 40 மி.மீ. தாழ்த்தினால் ஷாக் 28 மி.மீ. அமுங்கும், வண்டி நின்ற இடத்திலேயே பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். 25 மி.மீ. என்றால் 17.5 மி.மீ. செலவாகி 10.5 மி.மீ. மிஞ்சும், சக்கரத்தில் அது 15 மி.மீ. அதுவும் தாராளமில்லை, ஆனால் பூஜ்யம் இல்லை.

அடுத்தது ஸ்பிரிங்கின் விறைப்பு. கம்பியின் விட்டம் கூடினால் விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும். சுருளின் விட்டம் கூடினால் மூன்றாம் அடுக்கில் குறையும். வேலை செய்யும் சுற்றுகள் கூடினாலும் குறையும். பழைய முன் ஸ்பிரிங்கில் கம்பி 11 மி.மீ., சுருளின் சராசரி விட்டம் 100 மி.மீ., வேலை செய்யும் சுற்றுகள் 5. எஃகின் முறுக்குக் குணகத்தை 79,000 நியூட்டன்/ச.மி.மீ. என்று கொண்டால் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 29 நியூட்டன் வருகிறது. 25 மி.மீ. தொகுப்பின் முன் ஸ்பிரிங் 38. கம்பியில் அரை மில்லிமீட்டர் கூட்டி, அரைச் சுற்றைக் குறைத்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும் என்பதை வெர்னியரில் பார்த்தபோது சற்று வியப்பாகத்தான் இருந்தது.

ஒரு முன் சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 250 கிலோ இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால், உடலின் இயல்பான ஆட்டம் வினாடிக்கு 1.20 முறையிலிருந்து 1.37 முறையாக உயர்கிறது. ஷாக்கைத் தொடாதவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இதன் அடியில் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங்கை அடக்கத் தேவையான தணிப்பு, விறைப்பின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும். விறைப்பு 31 சதவீதம் ஏறும்போது, மாறாமல் நிற்கும் பழைய ஷாக்கின் தணிப்பு விகிதம், அதாவது தேவையான தணிப்பில் அது தரும் பங்கு, 13 சதவீதம் அளவுக்குக் குறைந்துபோகும். புதிதாக இருக்கும் ஷாக் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே களைத்துப்போனது தாங்காது.

ஸ்பிரிங்கின் நீளத்தில் நான் முதலில் ஏமாந்தேன். 25 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் ஏன் பழையதைவிட 46 மி.மீ. குட்டையாக இருக்கிறது என்று புரியவில்லை. பழைய ஸ்பிரிங் வண்டியின் எடையில் 121 மி.மீ. அமுங்குகிறது, விறைப்பான புதியது 92 மி.மீ. மட்டுமே அமுங்கும். அந்த 29 மி.மீ. வித்தியாசத்தையும் தாழ்த்த வேண்டிய 17.5 மி.மீ.-ஐயும் கூட்டினால் 46-ஐத் தாண்டிச் சற்றே வருகிறது. இதனால் இன்னொரு சோதனை அவசியமாகிறது: சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் இறுக்கமாக நிற்குமா? என் ஷாக் முழுதாக நீண்டிருக்கையில் இரண்டு இருக்கைகளுக்கும் இடையே 289 மி.மீ.; புதிய ஸ்பிரிங்கின் இயல்பு நீளம் 304. எனவே 15 மி.மீ. இறுக்கம் மிஞ்சும். 40 மி.மீ. தொகுப்பின் முன் ஸ்பிரிங்கோ 284 மி.மீ. மட்டுமே. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் அது இருக்கையை விட்டுக் கழன்று ஆடியிருக்கும்.

புரோகிரசிவ் தொகுப்பில் நெருக்கமாகச் சுற்றிய, எளிதில் அமுங்கும் சுற்றுகள் இருப்பதால் இந்தக் கழலும் தொல்லை அதில் இல்லை. ஆயினும் விறைப்பு மாறிக்கொண்டே போகும் ஸ்பிரிங்கோடு மாறாத ஷாக்கைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இது ரசனை சார்ந்த முடிவு என்றும் சொல்லலாம். முன், பின் விகிதத்தையும் பார்த்தேன். பின்பக்க ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருந்தால், மேட்டில் பின்னால் ஏறும் சக்கரங்கள் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து உடல் முன்பின்னாகத் தலையாட்டாமல் அடங்கும் என்பது 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி கண்ட வழி. 25 மி.மீ. தொகுப்பில் முன் 31, பின் 28 சதவீத ஏற்றம் என்பதால் பழைய உறவு பெரிதாகக் கெடவில்லை. அதையே வாங்கினேன்.

மாட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிங் கம்ப்ரஸரின் இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். கம்பியின் முனை கீழ் இருக்கையின் படியில் சரியாக உட்கார வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் வண்டியைத் தரையில் இறக்கியபோது முன்பக்கம் 14 மி.மீ. மட்டுமே தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங் தவறான ரகமோ என்று ஒரு மாலை முழுவதும் சந்தேகப்பட்டேன். மறுநாள்தான் உறைத்தது: கண்ட்ரோல் ஆர்ம்களின் உள்முனை போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே முறுக்கியிருக்கிறேன். போல்ட் இறுகியதும் புஷ்ஷின் (ஆர்மின் முனையிலுள்ள ரப்பர் மூட்டின்) உட்குழல் அசையாமல் பிடிபடுகிறது; வண்டி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு தானும் ஒரு ஸ்பிரிங்காக நின்று வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. நான்கு சக்கரங்களையும் மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, எடை இறங்கிய நிலையில் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். முதல் போல்ட் இளகியபோது ரப்பர் விடுபடும் முனகல் தெளிவாகக் கேட்டது. வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு டார்க் ரென்ச்சால் மீண்டும் முறுக்கியதும் 23 மி.மீ. வந்தது, 500 கிலோமீட்டருக்குப் பிறகு 25-இல் நிலைத்தது. அதன் பிறகுதான் வீல் அலைன்மென்ட் செய்தேன். முன் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதியின் சாய்வு, அரை டிகிரிக்கு மேல் உள்பக்கம் போயிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) மட்டும் பழையபடி கொண்டுவந்தேன். முகப்பு விளக்குகளின் குறியையும் சரிபார்த்தேன்.

ஓட்டத்தில் ஆதாயம் தெரிகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் தயங்காமல் கீழ்ப்படிகிறது, சாய்வும் குறைந்திருக்கிறது. அலையலையாக இருக்கும் சாலையில் வேகமாகப் போனால், முன்பு ஒரே தாழ்வில் அடங்கிய உடல் இப்போது இன்னொரு பாதி ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. நீண்ட வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால், வெளிப்புற முன் சக்கரம் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் நொடியில் விறைப்பு சட்டென்று ஏறி, மூக்கு ஒரு சாண் வெளியே நகர்கிறது.

இதற்குப் பம்ப் ஸ்டாப்பின் நுனியில் 10 மி.மீ. வெட்டிவிடலாம் என்பது பலர் சொல்லும் வைத்தியம். என் பம்ப் ஸ்டாப்பில் மெலிந்த நுனிதான் மிருதுவான பகுதி. அதை வெட்டினால் தொடும் நேரம் தள்ளிப்போகும், தொட்டபின் விழும் அடி கடுமையாகும். வெட்டாமல், ஷாக் தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையைச் சுற்றி, உருளையின் தலையைத் தொடும்படி கீழே தள்ளிவிட்டேன். இரண்டு வாரங்களில் அது 31 மி.மீ. மேலேறியிருந்தது. 45 மி.மீ. நீளமுள்ள பம்ப் ஸ்டாப் ஏறக்குறைய 20 மி.மீ. அமுங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள். சுமை ஏற்றி ஓட்டினால் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கேபிள் டையை மறுபடியும் கீழே தள்ளி வைத்திருக்கிறேன்.