ஃபுல்பிரைட்டின் பெட்டிகளோடு நான்கு நாட்கள்

வியட்நாம் போரைப் பற்றி 1966ஆம் ஆண்டு அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு நடத்திய விசாரணைகள் குறித்துக் கட்டுரை எழுதுவதற்காக, அக்குழுவின் அன்றைய தலைவர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட்டின் ஆவணங்களைத் தேடி, ஃபயட்வில் நகரிலுள்ள அர்கன்சா பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றிருந்தேன். பெயரைக் கேட்டதும் பலருக்கும் அவர் பெயரிலுள்ள கல்வி உதவித்தொகைத் திட்டம்தான் நினைவுக்கு வரும். நான் தேடிப் போனது போரை எதிர்த்த அரசியல்வாதியை.

நூலகத்தின் ஆவணப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பியது என் தவறு. குழுவின் உள் குறிப்புகளும் அங்கேதான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். செனட்டரின் அலுவலகத் தாள்கள் அவருடைய சொந்த உடைமை என்பதால் அவற்றை அவர் விரும்பிய இடத்துக்குக் கொடுக்கலாம் என்றும், குழுவின் ஆவணங்கள் செனட்டுக்குச் சொந்தம் என்பதால் அவை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும் என்றும் முதல் நாள் காலையிலேயே தெரிந்துகொண்டேன். குழு ஆவணங்கள் பொதுவாக 20 ஆண்டுகளும், தனிமனிதர் அந்தரங்கம் போன்றவை அடங்கியவை 50 ஆண்டுகளும் மூடியிருக்கும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

நூலகத்தின் வாசிப்பறையில் பையை வெளியே வைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் திறந்து, தாள்களின் வரிசை கலையாமல் புரட்ட வேண்டும். ஃபுல்பிரைட்டுக்குப் பொதுமக்கள் எழுதிய கடிதங்களைப் பார்த்த பிறகு என் ஏமாற்றம் நீடிக்கவில்லை. வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அமெரிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை 1964இல் செனட்டில் 88க்கு 2 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றித் தந்தவரே இரண்டு ஆண்டுகளில் அந்தப் போரைக் கேள்விக்கு உட்படுத்தியதை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் குழுவின் குறிப்புகளில் நான் கண்டிருக்க முடியாது.

மூன்றாம் நாள், வியட்நாமை விட்டு, கறுப்பின மக்களின் சிவில் உரிமைகள் தொடர்பான கோப்புகளைக் கேட்டு வாங்கினேன். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்ற தீர்ப்பை எதிர்த்த 1956ஆம் ஆண்டுத் தென்மாநில அறிக்கையில் கையெழுத்திட்டவரும் இவர்தான். போர் எதிர்ப்புக் கோப்புகளோடு நிறுத்தியிருந்தால் பாதி மனிதரையே எழுதியிருப்பேன்.

கடிதத்தின் தாள் நூலகத்திடம் இருந்தாலும், வாசகங்களின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. அவர்களைத் தேடிப் பிடிக்க வழியில்லாததால் எதையும் மேற்கோளாகத் தராமல் சுருக்கி எழுதினேன். பெயரும் ஊரும் இல்லாமல், பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் மட்டுமே அடிக்குறிப்பில் இருக்கின்றன.