குளத்து அளவுகோலும் கூட்டத் தீர்மானமும்

இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள இரணைமடுக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் இருக்கிறது. மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தாலும் (மேலதிக நீர் வழிந்தோடினாலும்), கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்தில் அத்தனை வயலுக்கும் நீர் காணாது. ஆகவே எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு, எந்த நாளில் நீரைத் திறப்பது, கட்டாக்காலி மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பவற்றையெல்லாம், மாவட்ட அரசாங்க அதிபர் தலைமையில் அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டமே தீர்மானிக்கிறது.

அந்தக் கூட்டங்களில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கு எடுக்கப்படும் தீர்மானத்தை, முணுமுணுத்துக்கொண்டாவது, பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பொறியியலாளர் சொல்வதை, சந்தேகப்படும் எவரும் அணைக்கட்டுக்குப் போய் அளவுகோலில் தாமே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதற்கு முதற் காரணம் என்று நினைக்கிறேன். கணக்கில் ஐயமில்லாத இடத்தில் பங்கைப் பற்றி மட்டுமே சண்டை பிடிக்கலாம். அது ஆரோக்கியமான சண்டை. அத்துடன், சொன்ன நாளில் வாய்க்காலுக்கு நீர் வராவிட்டால், அடுத்த போகத்தில் அதே அதிகாரி அதே மக்களின் முன்னால் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும்.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தில் இந்த ஒழுங்கு காணப்படவில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் 2010 இல் அங்கீகரிக்கப்பட்ட அத்திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். யாழ்ப்பாணத்தின் தேவையும் பொய்யன்று. அங்குள்ள சுண்ணக்கல் நிலத்தடி நீரில், உடலுக்குத் தீங்கான அளவில் நைத்திரேற்று உப்பு கலந்திருப்பது பலகாலமாக அறியப்பட்ட விடயம். ஆனால் சிறுபோகத்துக்கே போதாத குளத்திலிருந்து, வரட்சி ஆண்டில் யாருக்கு முதலில் நீர் என்ற கேள்விக்கு விவசாயி நம்பத்தக்க விடை கிடைக்காதவரை, எத்தனை விளக்கக் கூட்டம் வைத்தும் பயனிருக்கவில்லை. ஈற்றில், குளத்து நீருக்குப் பதிலாக, யாழ்ப்பாண மாவட்டக் கடற்கரைக் கிராமமான தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுடைய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. முடிவை முதலில் எடுத்துவிட்டுச் சம்மதத்தைப் பிறகு தேடியதற்கான விலையாகவே அந்த ஆண்டுகளை நான் பார்க்கிறேன்.

பயிர்ச்செய்கைக் கூட்டமும் குறையற்றதன்று. காணி அனுமதிப்பத்திரம் இறந்த அல்லது காணாமற்போன கணவரின் பெயரில் இருக்க, வயலைத் தனியே செய்யும் பெண்கள் வன்னியில் பலர். அவர்களுக்காக மைத்துனரோ தமையனோ பேசுவதை நான் கண்டிருக்கிறேன். குளத்தில் நன்னீர் மீன் பிடிப்பவரும், மேய்ச்சல் தரையின்றி மாடு வளர்ப்பவரும் நீர்மட்டத்தாலும் விதைப்பு நாளாலும் நேரடியாகப் பாதிக்கப்படுபவர்கள். மாடுகளை அப்புறப்படுத்தச் சொல்லும் தீர்மானம், எங்கே கொண்டுபோவது என்பதைச் சொல்வதில்லை!

பிரதான கூட்டத்துக்கு முன்னர் ஒவ்வொரு கிராமத்திலும், பெண்கள் வரக்கூடிய மாலை நேரத்தில், பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு முன்கூட்டம் நடத்தப்பட வேண்டும். அங்கு முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் எவை ஏற்கப்படவில்லை, ஏன் ஏற்கப்படவில்லை என்பதைக் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையில் எழுதி ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.