தீர்த்தமலையில் அத்தை கேட்டது

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்துக்காரர்களுக்குத் தீர்த்தமலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகையும் இருக்கிறார்கள். அருணகிரிநாதர் பாடிய தலம். ராமர், கௌரி, குமாரர், அகத்தியர், அக்னி என்று ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒரு பெயர். ராவண வதம் முடிந்து திரும்பிய ராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்து, கங்கை நீர் கொண்டுவர அனுமனைக் காசிக்கு அனுப்பினார். நேரமாகிவிட்டதால் அம்பு விட்டுப் பாறையிலிருந்தே தண்ணீரை வரவழைத்தார் என்கிறது தலபுராணம். தாமதமாக வந்த அனுமன் வீசிய கங்கை நீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன்தீர்த்தம்.

ராவணனை அழித்தது தர்மம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அழித்தவருக்கு தோஷம் ஒட்டிக்கொள்கிறது; அது தீர அவர் சிவன் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கெட்டவனை ஒழித்தாகிவிட்டது, எல்லாம் சுபம் என்று நம் முன்னோர்கள் கதையை முடித்துவிடவில்லை. இதற்காகவே எனக்கு இந்த மலைமேல் தனிப் பிரியம் உண்டு.

இந்த முறை அத்தையும் கூட வந்தார். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருக்குக் கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பார். முட்டியும் மடங்காது. அடிவாரக் கோயிலில் திண்ணையாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் படியேறினேன். ராமர் தீர்த்தத்தில் நல்ல கூட்டம். உயரத்தில் பாறையிலிருந்து விழும் தண்ணீர், வெயிலில் ஏறி வந்த உடம்பில் பட்டதும் மூச்சே ஒரு கணம் நின்று வருகிறது. குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றிக்கொண்டு, ஒரு பாட்டிலில் பிடித்து இறங்கினேன்.

அத்தை உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார், தலையில் தெளித்துக்கொண்டார், மீதியை முட்டியில் தடவினார். அப்புறம் கேட்டார்: “இது சாமி குடுத்த தண்ணி. எங்க ஊரு போர் தண்ணிய யாரு குடுத்தது கண்ணு?”

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். இங்கே நிலத்தடிப் பாறையிலேயே ஃபுளோரைடு என்ற உப்பு இருக்கிறது. மழை பொய்த்து, கிணறு வற்றி, போர் ஆழமாகப் போகப் போக, பாறையில் ஊறிக் கிடந்த தண்ணீர் மேலே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பல ஊர்களில் அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் வருடக்கணக்கில் குடித்தார்கள். நிறம் இல்லை, வாடை இல்லை. காய்ச்சினாலும் போகாது. பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக் கோடு விழும். வயதானவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. அத்தை மகன் போட்டோ எடுக்கும்போது வாயைத் திறக்க மாட்டான்.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, “எல்லாம் போன ஜென்மத்து வினைம்மா” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. சூலை நோயில் துடித்த அப்பர், “கொடுமைபல செய்தன நானறியேன்” என்று பாடினார். அவர் தேடியது தன் வினையை, தன் வயிற்று வலிக்காக. அடுத்தவர் வலியைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. வினைக் கொள்கையை நான் தூக்கி எறியவில்லை. ஆனால் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதை நோயாளியின் முகத்துக்கு நேரே சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது.

மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார் கடவுள், அவன் கெடுத்துக்கொண்டான் என்பார்கள். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அது சரி. ஏரியைத் தூர்த்ததும் போரை ஆழமாக்கியதும் நாம்தான், அதுவும் சரி. பாறைக்குள் ஃபுளோரைடை வைத்தது நாமா? துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்கிறார்கள். பால்பல் விழுந்து முளைக்கிற வயதுப் பிள்ளைக்கு என்ன பக்குவம் வேண்டிக் கிடக்கிறது? கடவுள் வல்லவர், நல்லவர் என்றால் இது ஏன் என்ற கேள்விக்கு நான் கேட்ட எந்தப் பதிலும் அத்தையின் கழுத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆனாலும் நான் கும்பிடுகிறேன். மனதாரக் கும்பிடுகிறேன். கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் என்ன செய்தார்? அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் பேசாமல் இருப்பீர், “வாழ்ந்து போதீரே” என்று சாமியையே ஏசினார். அந்த ஏச்சை நம் முன்னோர்கள் மறைக்கவில்லை. தேவாரமாகச் சேர்த்து வைத்துச் சன்னதியிலேயே பாடுகிறார்கள். வெறும் பாறையிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை. இது அநியாயம் என்று என் நெஞ்சு கொதிக்கிறதே, அந்தக் கொதிப்பையும் அவன்தான் வைத்தான் என்று நம்புகிறேன். விடை தெரியாமலே நம்புகிறேன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஜப்பான் கடனுதவியில் காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தார்கள். அத்தையின் பேத்தி அதற்குப் பிறகு பிறந்தவள். பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று, வாய் நிறையச் சிரிப்பாள். அதைக் கடவுள் செயல் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அத்தைக்கு ஏன் இருபது வருடம் முன்னால் வரவில்லை என்று அவனிடம் கேட்கவும் கூச்சமில்லை.

சன்னதியில் அர்ச்சனை யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டதும், அத்தை பேத்தியின் பேரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது இன்னொரு விஷயம் சொன்னார்: தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வருவதில்லை, வராத நாளில் மறுபடி போர் தண்ணீர்தான் என்று. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க மனு எழுதித் தரச் சொன்னார். பஸ் வருவதற்குள் எழுதி முடித்தேன். எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பள்ளிக்கூடத்துக் குழாயவும் சேத்துடு” என்றார். அதையும் சேர்த்தேன்.