கயிறு பிடிக்கட்டுமா?

பாம்பனில் நம் பள்ளிக்கூடத்துக்கும் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் கூப்பிடு தூரம்தான். காலையில் பையை மணலில் போட்டுவிட்டு வலைக் கயிற்றைப் பிடிக்காத பையன் எங்கள் வகுப்பில் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் ‘ஷல்’, ‘வில்’, ‘மே’ பாடம் வந்தபோது ஆங்கில ஆசிரியர் அந்தக் கயிற்றைத்தான் எடுத்துக்கொண்டார்.

“கரையில நிக்கிற தாத்தாகிட்ட எப்படிக் கேப்பீங்க?”

“கயிறு பிடிக்கட்டுமா தாத்தா?”

“அதுதான் ‘ஷல் ஐ’. நீயா உதவிக்கு வர்றே, முடிவு அவரோடது.” பிடிக்கலாமா என்றால் அனுமதி, ‘மே ஐ’. பேச்சில் ‘கேன் ஐ’யும் உண்டு. சேர்ந்து இழுப்போமா என்றால் ‘ஷல் வி’. கொஞ்சம் பிடிக்கிறீகளா என்றால் ‘வில் யூ’. அதே ‘வில்’லை வைத்து, “இன்னைக்குப் பாலம் திறக்குமா?” என்று கேட்டால் அதில் வேண்டுகோள் இல்லை; நடக்கப் போவதை விசாரிப்பது மட்டுமே. 1914-இல் பயன்பாட்டுக்கு வந்த ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடுவதைப் பார்க்கக் காத்துக்கிடந்த எங்களுக்கு அது உடனே பிடிபட்டது.

‘குட்’ (could), ‘உட்’ (would) வந்தபோதுதான் திணறினோம். இறந்தகால வடிவம், இப்போது வேண்டிய உதவிக்கு எதற்கு? “பக்கத்து வீட்டுல கடன் கேக்கப் போனா அம்மா என்ன சொல்லுவாங்க? ‘நூறு ரூபா கேக்கலாம்னு வந்தேன்’னுதானே? நிக்கிறது இப்ப, கேக்குறதும் இப்ப. ஆனா ‘வந்தேன்’. ஓரடி தள்ளி நின்னு கேக்குறது அது. ‘குட் யூ’வும் அப்படித்தான்.” இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த இலக்கணப் புத்தகத்திலும் படித்ததில்லை.

‘உட் யூ மைண்ட்’ நடத்திய அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. லண்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் மேலாளர், “உட் யூ மைண்ட் ஒர்க்கிங் திஸ் சண்டே?” என்றார். கூடுதல் சம்பளம் எனக்கு அவசியமாக இருந்தது. சந்தோஷமாக “எஸ்” என்றேன். அவர் கேட்டது ஆட்சேபணை உண்டா என்று. நான் உண்டு என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஞாயிறு வேறொருவருக்குப் போய்விட்டது. அப்புறம் ஊரிலிருந்த வகுப்புத் தோழனுக்கு எழுதி, அன்றைய பாடத்தின் குறிப்பை வரவழைத்தேன். ஒரே வரி: “மைண்ட் வந்தால், சரி என்பதற்கு ‘நோ’ சொல்.”

என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். அந்த ஆங்கில ஆசிரியரின் பாடத்தை எழுதிய நோட்டு உங்களில் யாரிடமாவது இருந்தால், படம் எடுத்து நம் பள்ளி மலர்க் குழுவுக்கு அனுப்புவீர்களா? ‘குட் யூ’ போட்டே கேட்கிறேன்.