நுங்கம்பாக்கத்து இரகுநாதாச்சாரி

ஐப்பசி பிறந்துவிட்டால் நுங்கம்பாக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் கேட்காத நாள் அபூர்வம். கல்லூரிச் சாலையில் அந்த மழையை அளக்கும் வானிலை மைய வளாகம், ஒரு காலத்தில் வானியலாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி வேலை பார்த்த மதராஸ் வானாய்வகமாக இருந்தது. 1786-இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தன் சொந்தச் செலவில் தொடங்கியதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792-இல் இங்கே கட்டடம் எழுப்பியது.

அங்கே நிற்கும் கருங்கல் தூண் 15 அடி உயரம், 10 டன் எடை. மேலே தொலைநோக்கி இருந்தது. கீழே ஒருவர் நடந்தாலும் கருவி அதிரக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு கனம். ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலில் ஊன்றியது பிரிட்டிஷாரின் தாராளம் என்று அதில் பொறித்தார்கள், தமிழிலும் தெலுங்கிலும்கூட. ஆரியபடர் பிறந்த நாட்டில் இப்படியொரு கல்வெட்டு! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இங்கே வேலை பார்த்த டெய்லர் 11,000-க்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பட்டியலிட்டார். 1861-இல் வந்த போக்சன், விண்மீன்களின் ஒளியை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலைத் தந்தவர். இருவருமே பெரியவர்கள். ஆனால் என் மனம் போய் நிற்பது போக்சனின் முதல்நிலை உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியிடம்தான்.

கடிகாரத்தின் டிக் ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே, தொலைநோக்கிக்குள் கட்டிய மெல்லிய இழையை விண்மீன் கடக்கும் கணத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும். இரவிரவாக அந்த வேலையைச் செய்தவர் அவர். 1867-இல் ஆர் ரெடிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் எழும். மூட்டமும் புழுக்கமும் மண்டிய நம் ஊர் வானத்தில் அதைப் பிடிப்பது லேசான காரியமா? 1868 ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணம் வந்தபோது, போக்சன் மசூலிப்பட்டணம் போக, வனபர்த்தியில் ஒரு குழுவை நடத்தியவரும் இவரே. 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் இவரை உறுப்பினராக்கியது.

நான் அவரை மிகவும் மதிப்பது இன்னொன்றுக்காக. 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே கடக்கப்போகிறது என்று தெரிந்ததும், அது என்ன, ஏன் நிகழ்கிறது என்பதை ஊராருக்கு விளக்கித் தமிழ், கன்னடம், உருது உள்ளிட்ட மொழிகளில் சிறு நூல் கொண்டுவந்தார். பழைய வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தொலைநோக்கியில் கண்டதை வைத்துத் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணித்தார். பண்டிதர்கள் எதிர்த்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சனிப்பெயர்ச்சி வந்தால் வாக்கியமா, திருக்கணிதமா என்று இன்றும் நம் வீடுகளில் நடக்கும் வாதத்துக்குள் அவருடைய உழைப்பும் இருக்கிறது.

1880-இல் அவர் காலமானார். 1899-இல் வானியல் பணி கொடைக்கானல் மலைக்குப் போய்விட்டது. ஆர் ரெடிகுலி இன்றும் ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பிரகாசித்து மங்குகிறது. பள்ளிப் பாடநூலில் போக்சன் அளவுகோலைச் சொல்லித்தரும் பக்கத்திலேயே இரகுநாதாச்சாரியின் பெயரையும் இந்த விண்மீனையும் சேர்க்க வேண்டும்.