லெட் செப்பலின்: உச்சம் எந்த வருடம்?

மார்ச் 4
இந்த வாரம் முழுக்க லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுதான். 1969-இலிருந்து வருட வரிசையில் கேட்டு வருகிறேன். உச்சம் எப்போது தாண்டியது என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். இந்த முறை காதை நம்பிப் பார்க்கலாம்.

மார்ச் 6
1972 ஜூன், கலிஃபோர்னியா மேடைப் பதிவுகள். 2003-இல்தான் ஆல்பமாக வந்தன. 'இமிகிராண்ட் சாங்' தொடக்க அலறலைப் பாடகர் ராபர்ட் பிளாண்ட் துளியும் தயங்காமல் எடுக்கிறார். ஸ்டுடியோவில் இரண்டரை நிமிடத்தில் முடியும் பாட்டு இது. மேடையில் ஜிம்மி பேஜ் நடுவே நீளமாக ஒரு கிட்டார் சோலோவை நுழைக்க, பான்ஹம் டிரம்ஸில் விடாமல் துரத்துகிறார். ஸ்டுடியோ வடிவம் இதற்குப் பிறகு ஒத்திகை போலத்தான் கேட்கிறது.

மார்ச் 9
1973 ஜூலை, நியூயார்க் மேடைப் பதிவுகள். ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது, குரல் வேறு. உச்ச ஸ்தாயியில் பாடிய வரிகளைக் கீழே இறக்கி, மெட்டையே மாற்றிச் சமாளிக்கிறார் பிளாண்ட். 'இமிகிராண்ட் சாங்' பட்டியலிலேயே இல்லை. அப்போது அவருக்கு வயது 24! வருடக்கணக்கில் ஓயாத சுற்றுப்பயணம் தொண்டையை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மார்ச் 12
1975, 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' ஆல்பம். 'காஷ்மீர்' பாட்டில் டிரம்ஸ் நான்கு எண்ணிக்கையில் நிதானமாகப் போக, கிட்டார் மூன்று எண்ணிக்கையில் சுற்றுகிறது. இரண்டும் விலகி விலகிச் சேரும் இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டேன். ஆக்கத்தில் இதுதான் உச்சம் என்பேன். ஆனால் மேடையின் உச்சம் அதற்கு முன்பே போய்விட்டது. இரண்டையும் ஒரே வருடத்தில் தேடுவதால்தான் சண்டை தீருவதில்லை.

இன்னொன்று: இதிலுள்ள 15 பாடல்களில் 7 முந்தைய ஆல்பங்களுக்காகப் பதிவாகி ஒதுக்கப்பட்டவை. உச்சத்திலேயே பாதி பழைய கையிருப்பு!

மார்ச் 13
'பிரசன்ஸ்', 1976. கார் விபத்தில் அடிபட்ட பிளாண்ட் சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடியது. முதல் பாட்டு அபாரம். மற்றவை சரி, ஓடட்டும்.

மார்ச் 17
1979, கடைசி ஸ்டுடியோ ஆல்பம். ஜான் பால் ஜோன்ஸின் கீபோர்டு முன்னுக்கு வந்துவிட்டது. இரண்டு பாடல்களை எழுதியவர்களில் பேஜ் பெயர் இல்லை. இந்தக் குழுவில் அது பெரிய விஷயம். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் கச்சேரி. பல இடங்களில் பேஜின் விரல்கள் தடுமாறுகின்றன. ஆனால் அங்கே வாசித்த 'காஷ்மீர்' 1975 மேடைகளை விடவும் மேல். வேகம் குறைந்துவிட்ட குழுவுக்கு அந்தப் பாட்டின் நடை அவ்வளவு பொருந்துகிறது.