தறிவீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு

பவானி இ-சேவை மையத்தில் இன்று எனக்கு முன்னால் ஒரு பெண். கூட வந்திருந்த அப்பா ஜமக்காளம் நெய்கிறவர். அவர் விரல் இடுக்கில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது.

"வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேணுங்க அக்கா. நம்மளுக்கெல்லாம் அந்த உதவித்தொகை தருவாங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

தருவாங்க அம்மிணி.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கு மட்டுமல்ல; நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. முதுநிலைக்கும் பிஎச்டிக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், 60 சதவீத மதிப்பெண், வயது 35க்குள். ஏஜென்ட் யாரும் வேண்டாம், அரசின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இதை நம்ம ஊர்க் கல்லூரிகளில் யார் சொல்கிறார்கள்? எனக்கு ஆதங்கமே அதுதான்.

ஆசிரியர்களே, முதலாமாண்டிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.